இலவச நாணயம்: முன்பணம் கேட்டால் மோசடியே

'இலவச பிட்காயின்' என்னும் செய்தி இப்போது சிற்றூர்க் கைப்பேசிகளுக்கும் வருகிறது. பிட்காயின் என்பது கணினிக் கணக்கில் மட்டுமே உள்ள நாணயம். ரிசர்வ் வங்கி வெளியிடுவது அன்று.

2020 ஜூலை 15 அன்று பராக் ஒபாமா, பில் கேட்ஸ் போன்றோரின் டுவிட்டர் கணக்குகளைத் திருடர்கள் கைப்பற்றினர். பிட்காயின் அனுப்பினால் இரு மடங்காகத் திருப்பித் தருவதாக அவர்கள் பெயரிலேயே அறிவித்தனர். சில மணி நேரத்தில் 1 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. பெயர் பெரிது, அறிவிப்போ பொய்.

உண்மையான இலவசமும் உண்டு. 2020 செப்டம்பரில் யூனிஸ்வாப் என்னும் அமைப்பு, முன்பு தன்னைப் பயன்படுத்தியோருக்குத் தலா 400 நாணயம் அளித்தது. தனக்கு முதலில் பணம் அனுப்பும்படி அது கேட்கவில்லை.

இலவச விதைப் பொட்டலம் தருபவர் முதலில் ஒரு மூட்டை நெல் கேட்பதில்லை. இங்கும் அதுவே அளவுகோல். முன்பணம், ஓ.டி.பி. எண், நாணயக் கணக்கைத் திறக்கும் 12 அல்லது 24 இரகசியச் சொற்கள் ஆகியவற்றுள் எதைக் கேட்டாலும் மோசடியே. அனுப்பிய பிட்காயினை எந்த வங்கியாலும் மீட்டுத் தர இயலாது. உரச் செலவுக்கு வைத்த பணத்தை இதில் இழக்கக் கூடாது. ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.