ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்!

பழைய பிக்கப் டிரக்கின் முன்பக்கத்தைத் தாழ்த்தி ஓட்டுவது அமெரிக்காவில் பலருக்கு ஒரு மோகம். 1973 முதல் 1987 வரை வந்த செவ்ரோலே சி10 அவர்களின் செல்லப்பிள்ளை. கையில் காசில்லாதவர்கள் முதலில் செய்வது, முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிவதுதான். செலவே இல்லை! ஆனால் சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடும். அது அமுங்குவதற்கான இடமும் குறையும். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே சஸ்பென்ஷன் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். கேஸ் சுடரில் சூடாக்கித் தாழ்த்துவது இன்னும் மோசம். எஃகின் பதமே போய்விடும்.

சரியான வழி டிராப் ஸ்பிண்டில். இதில் சக்கரம் மாட்டும் அச்சு சுமார் 2 அங்குலம் மேலே தள்ளி இருக்கும். வண்டி அந்த அளவு இறங்கும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பழையபடியே வேலை செய்யும். இன்னும் இறக்க வேண்டுமா? அதற்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற ஷாக்கையும் சேர்த்தே வாங்க வேண்டும். எதை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

அழகுக்காகத் தாழ்த்துவதில் தப்பே இல்லை. ஆனால் வளைவில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்க வேண்டுமே! காசை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பெயிண்டில் பிடிக்கலாம், சஸ்பென்ஷனில் கூடாது.