பள்ளிக்கு இன்னொரு வரி வேண்டாம். தர வேண்டிய நிதியைத் தாருங்கள்
மயிலம் ஒன்றியப் பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர் அமைப்பின் நிலைப்பாடு, ஜூன் 2025

ஜூன் 2-ஆம் தேதி பள்ளிகள் திறந்துவிட்டன. 2024-25-ஆம் ஆண்டுக்கு ஒன்றிய அரசு தர வேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட (எஸ்எஸ்ஏ) நிதி 2,152 கோடி ரூபாய் இன்னும் வரவில்லை. மாநில அரசு மே மாதம் உச்ச நீதிமன்றத்தை நாடியிருக்கிறது. மும்மொழிக் கொள்கையை உள்ளடக்கிய தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம்ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடாததால், ஒன்றிய அரசு அந்த நிதியை நிறுத்திவைத்திருக்கிறது. இந்நிலையில், வீட்டுக்கு இவ்வளவு என்று ஊரிலேயே பள்ளி வரி போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை நம்மவர்களிடமே எழுந்துள்ளது. இரண்டு அமர்வுகள் விவாதித்த பின் செயற்குழு அதை ஏற்கவில்லை.

யோசனை சொன்னவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறோம். படிப்புக்காக வரி கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டமே உள்ளாட்சிகளுக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது. திண்டிவனம் நகராட்சியில் சொத்து வரியோடு கல்வி வரியும் சேர்ந்தே வருகிறது. இங்கே வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். வருமான வரி கட்டுகிறவர்கள் அதன்மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி மேல்வரியும் கட்டுகிறார்கள். அந்த மேல்வரியில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. முழுவதும் ஒன்றிய அரசிடமே தங்குகிறது. கல்வியின் பெயரால் வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டால்தான் கல்விக்குத் தருவோம் என்பது அநியாயம். ஒரே பிள்ளையின் படிப்புக்கு எத்தனை முறைதான் வரி கட்டுவது?

ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. பயிரை இழந்த குடும்பங்களிடம் புது வரி கேட்டுப் போக எங்களால் முடியாது.

செயற்குழுவை அதிகம் வருத்தியது மாற்றுத்திறனாளி மாணவர்களின் நிலை. வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் எஸ்எஸ்ஏ திட்டத்தின் கீழ்தான் வேலை செய்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பாடமும் பயிற்சியும் தருகிறவர்கள் அவர்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பயிற்சி சில மாதங்கள் நின்றாலே தசை இறுகும், மூட்டு மடங்கிப் போகும். பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிய பிள்ளை மறுபடி பாயில் படுத்துவிடும். பணம் இரண்டு வருடம் கழித்து வட்டியோடு வந்தாலும் அந்தக் கால்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் கூலி வேலையை விட்டுவிட்டுத்தான் மையத்துக்குத் தூக்கி வருகிறார்கள். மும்மொழி, பிஎம்ஸ்ரீ எதைப் பற்றியும் அவர்களை யாரும் கேட்கவில்லை. தண்டனை மட்டும் அவர்களுக்கு. இதைக் கொள்கை வேறுபாடு என்று சொல்லிக் கடந்துபோக எங்களுக்கு மனமில்லை. இது கொடுமை.

மும்மொழிக் கொள்கை குறித்து உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து எட்டப்படாததால், அதில் இவ்வறிக்கை நிலைப்பாடு எடுக்கவில்லை. மொழி எதுவானாலும் அதைப் பணத்தைக் காட்டித் திணிக்கக் கூடாது என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. நிதி வராததால், கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கையும் தொடங்கவில்லை. அதை உடனே தொடங்க வேண்டும்.

மாநில அரசும் தன் பங்குக்குச் சிலவற்றை விளக்குவது நல்லது என்று கருதுகிறோம். 2024 மார்ச்சில் ஒப்பந்தத்துக்கு இசைவு தெரிவித்துக் கடிதம் எழுதியது ஏன், பிறகு மறுத்தது ஏன் என்பதைப் பெற்றோருக்கு நேரடியாகச் சொல்லியிருக்கலாம். வழக்கு முடியும்வரை வள மையப் பணியாளர்களின் ஊதியம் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகாது என்ற எழுத்துபூர்வமான உறுதியை, இயன்றவரை விரைவில், எதிர்பார்க்கிறோம்.

இதற்காகக் குரல் கொடுக்க நம்மிடம் உள்ளாட்சி மன்றங்கள் இருக்கின்றன. 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த விழுப்புரத்தில் நம் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இன்னும் பொறுப்பில் இருக்கிறார்கள். நிதியை நிபந்தனையின்றி விடுவிக்கக் கோரி மயிலம் ஒன்றியக் குழு உடனே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒவ்வோர் ஊராட்சியிலும் இதே தீர்மானத்தைப் பெற்றோர்கள் முன்மொழியுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் தாய்மார்களை முதலில் பேச விடுங்கள்.