கேமரா யார் கையில்?



பேராக்கில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது ஈப்போ தாமான் ஒன்றில் குடியிருக்கும் அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். மகளுக்குக் கல்யாணம். கார்டு அச்சாகி வந்துவிட்டது. தம்பிக்கு உறை எழுதும்போதுதான் பேனா நின்றுவிட்டதாம்.

தம்பி பல வருடமாக ஒரு கூட்டாளியோடு ஒரே வீட்டில் இருக்கிறார். என்ன உறவு என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை. தீபாவளிக்கு முறுக்கு பிழிவது அந்தக் கூட்டாளிதான். அம்மாவை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போனதும் அவர்தான். "ஆனால் குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது கேமராவை அவர் கையில் கொடுத்துவிடுவோம். ஒரு படத்தில்கூட அவர் இல்லை. உறையில் தம்பி பெயரை மட்டும் எழுதவா?" என்று கேட்கிறார்.

இரண்டு பெயரையும் எழுதுங்கள், அக்கா. எழுதும் முன் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எவ்வளவு தூரம் வெளியே தெரியலாம் என்பதை அவர்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகளின்படி ஆணும் ஆணும் கொள்ளும் உடலுறவுக்கு 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி. முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டமும் சேர்கிறது. 1860இல் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய 377ஆம் பிரிவின் வாரிசு இது. வயதுவந்தோர் சம்மதத்தோடு கொள்ளும் ஒருபாலின உறவு குற்றமில்லை என்று 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிங்கப்பூர் 2022இல் தன் 377ஏ பிரிவை நீக்க வாக்களித்தது. இங்கோ 2011இல் 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' என்ற பாலினச் சிறுபான்மையினர் உரிமை விழாவையே போலீஸ் தடை செய்தது. இந்த நிலையில் ஓர் இளைஞனிடம் "தைரியமாக வெளியே சொல்லு" என்று பத்திரிகை ஆசிரியர் நாற்காலியில் இருந்துகொண்டு சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடி விழுவது அவனுக்கு.

ஆனால் வீட்டுக்குள் நம்மைத் தடுப்பது எந்தச் சட்டம்? தோட்டத்து லயத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் கஷாயம் கொதிக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் புந்தோங், சுங்கை சிப்புட் என்று கலைந்த பிறகும் சேதி பரவும் வேகம் குறையவில்லை. தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதை நாம் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்கிறோம். அது பலரை அடி உதையிலிருந்து காப்பாற்றியது உண்மைதான். அதற்கு மேல் அது எதுவும் கொடுக்கவில்லை.

2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண் காதலர்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. தனக்கே இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் அவர் உத்தரவு எழுதினார். 'குணப்படுத்துகிறேன்' என்று கிளம்பும் மருத்துவத்துக்கும் தடை போட்டார். ஒரு நீதிபதி கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் நம் சித்தப்பா, மாமாக்களுக்கு என்ன கூச்சம்? 2025இல் அதே உயர் நீதிமன்றம், குடும்பமாவதற்குத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் சொல்லியிருக்கிறது.

கல்யாணத்தன்று தம்பியிடம் "உனக்கு எப்போ?" என்று கேட்க வரிசையில் நிற்பவர்களை, அக்கா, நீங்களே பந்திக்கு அனுப்பிவிடுங்கள். படம் எடுக்க வேறு பையன் யாராவது கிடைப்பான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அல்லது அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால், எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போடமாட்டோம். தோட்டத்தின் பெயரும் போடமாட்டோம். அதைச் சொன்னாலே எந்த லயம், எத்தனையாவது வீடு என்று நம்மவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்