எரர் கோடு என்பது புகார்தான், தீர்ப்பு அல்ல!

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் திரையில் ஓர் எரர் மெசேஜ் வந்ததும் பதறி விடுகிறார்கள். சர்வீஸ் ஆளுக்குப் போன் போகிறது. அவர் வந்து, "மதர்போர்டு போச்சு சார்" என்றால் அப்படியே நம்பி விடுகிறோம். நானும் இப்படி ஒரு முறை 2,800 டாலரை இழக்க இருந்தேன். ஆனால் மக்கர் செய்தது என் கம்ப்யூட்டர் அல்ல, என் கார்!

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருபது வருடப் பழைய ஆட்டோமேட்டிக் காரிலும் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உண்டு. எந்த வேகத்தில் எந்த கியர் விழ வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். தவறு நடந்தால் அதுவும் எரர் கோடு கொடுக்கிறது.

2023 ஜனவரியில் அலுவலக வேலையாக அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருந்தேன். நான் தங்கியிருந்த இடத்தில் கார் இல்லாவிட்டால் பால் வாங்கக்கூட வழியில்லை. 3,500 டாலருக்கு 2004 மாடல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். ஒரு நாள் காலை, சிக்னலில் பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் மாட்டு வண்டி போல் நகர்ந்தது. நெடுஞ்சாலையில் இன்ஜின் இரைந்ததே தவிர, அடுத்த கியர் விழவில்லை. டாஷ்போர்டில் 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தது.

ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினார்கள். பி0700 என்று வந்தது. "டிரான்ஸ்மிஷன் போய்விட்டது. மாற்ற 2,800 டாலர்" என்றார் மெக்கானிக். ஆயிலைக்கூட அவர் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று காரை மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் ஓபிடி-2 என்ற வசதி கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் அடாப்டரை 20 டாலருக்கு வாங்கி, என் லேப்டாப்புடன் இணைத்தேன்.

முதலில் பி0700 என்றால் என்ன என்று பார்த்தேன். 'கியர்பாக்ஸைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் ஏதோ ஒரு தவறைப் பதிவு செய்திருக்கிறது' என்பதுதான் அதன் பொருள். என்ன தவறு என்று அது சொல்வதே இல்லை! மலிவான ஸ்கேனர்கள் பல, இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் படித்துவிட்டு நின்று விடும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கும் சாஃப்ட்வேரைப் போட்டதும் உண்மையான கோடு வந்தது: பி0715. கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் வேகத்தை அளக்கும் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு.

அடுத்து ஆயில். பல கார்களில் இன்ஜின் சூடாக, பார்க்கிங் நிலையில் ஓடிக் கொண்டிருக்கும்போது கியர் ஆயிலின் அளவைப் பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்கின்றன. எனவே காருடன் வந்த புத்தகத்தைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். என் காரில் அளவு சரியாக இருந்தது. நிறம் சிவப்பு. தீய்ந்த வாடை இல்லை. உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருந்தால் ஆயில் கறுத்து, வாடையே காட்டிக் கொடுத்திருக்கும்.

மூன்றாவது சோதனைதான் முக்கியம். நண்பரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் லேப்டாப்புடன் உட்கார்ந்தேன். கார் 40 மைல் வேகத்தில் போகிறது. உள்ளே நுழையும் தண்டின் வேகம் என்று லேப்டாப் காட்டியது பூஜ்யம்! இன்ஜினின் சக்தி அந்தத் தண்டு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். தண்டு சுற்றாமல் சக்கரத்துக்குச் சக்தி எப்படிப் போகும்? ஆக, பொய் சொல்வது சென்சார் அல்லது அதன் ஒயர். வேகம் தெரியாத கம்ப்யூட்டர், பாதுகாப்புக்காக ஒரே கியரில் காரை நிறுத்தி வைத்திருந்தது. இதை 'லிம்ப் மோடு' என்பார்கள். நமது விண்டோஸின் 'சேஃப் மோடு' மாதிரி.

சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி போல் துரு. அங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்புப் போடுகிறார்கள். அதன் வேலை அது. கனெக்டரைச் சுத்தம் செய்து, 45 டாலருக்குப் புது சென்சாரும் மாட்டினேன். கோடு திரும்ப வரவில்லை. ஊர் திரும்பும்வரை அந்தக் காரில்தான் வேலைக்குப் போனேன்.

அந்த மெக்கானிக் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் திரையை நம்பினார், அவ்வளவுதான். 'திரையில் வந்துவிட்டது, அப்புறம் என்ன?' என்ற மனோபாவம் என்னைப் போன்ற சாஃப்ட்வேர்காரர்களுக்கும் உண்டு. கம்ப்யூட்டருக்குத் தெரிவது சென்சார் சொல்வது மட்டுமே. சென்சார் தவறினால் அதுவும் தவறும். எரர் கோடு, யாரோ கொடுத்த புகார். விசாரிக்காமல் புகாரை வைத்து மட்டும் தண்டனை கொடுக்கலாமா?

எல்லாக் கோடும் இப்படி மலிவாக முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். கியர் விகிதம் தவறு என்ற பி0730 வந்து, ஆயிலும் கறுத்து, அதில் இரும்புத் துகள்களும் இருந்தால் கியர்பாக்ஸைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. அப்போதும் சோதித்துத் தெரிந்து கொண்டு செலவு செய்கிறோமே, அது வேறு.

இன்னொன்று. கோடு வந்தவுடன் அதை அழித்து விடாதீர்கள். தவறு நடந்த நேரத்தில் வேகம், சூடு எவ்வளவு என்று பதிவான விவரமும் அதோடு போய்விடும். முதலில் எழுதி வையுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே விதிதான். எரர் மெசேஜைக் குறித்து வைக்காமல் ஃபார்மட் செய்தால், நோயுடன் சேர்ந்து தடயமும் போய்விடும்.

அடுத்த முறை காரோ கம்ப்யூட்டரோ பழுதாகி, "இது போச்சு, மாற்றணும்" என்று ஒருவர் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ன சோதனை செய்து பார்த்தீர்கள்?" பதில் வந்தால் பணத்தை எடுங்கள். வராவிட்டால் பர்ஸை மூடிக் கொண்டு வீட்டுக்கு வந்து விடுங்கள்.