முதலில் ஆள் கணக்கு, பிறகு ஹோட்டல்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

இந்த வருஷம் மூன்று செட் பிள்ளைகள் சனி, ஞாயிறு மதுரையில் கூடுவதற்குத் திட்டம் போட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடித்து 20, 25 வருஷம் கழித்து ஒன்றாக உட்கார வேண்டும் என்று தோன்றுகிறதே, அதுவே பெரிய விஷயம். ரொம்ப சந்தோஷம். ஆனால் மூன்று திட்டத்திலும் ஒரே மாதிரி ஒன்று கண்ணில் பட்டது. எந்த ஹோட்டல், எந்த பிரியாணி, எந்த பார், எத்தனை மணிக்கு வேன் என்பதெல்லாம் விவரமாக இருக்கிறது. யார் யார் வருகிறார்கள் என்பது மட்டும் கடைசியில், 'முடிந்தவர்கள் வரலாம்' என்று ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

அந்த 'முடிந்தவர்கள்' என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடத்தையும் நேரத்தையும் செலவையும் நாலு பேர் உட்கார்ந்து முடிவு செய்யும்போதே, யாருக்கு முடியாது என்பதும் முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு குரூப்பில் எத்தனை தடவை 'எல்லாரும் வாங்க' என்று போட்டாலும் அது பேச்சுக்குத்தான்.

போன வருஷம் ஒரு செட் கூடியது. ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட். தலைக்கு 4,000 ரூபாய். ராத்திரி மொட்டைமாடியில் பார்ட்டி. எனக்குப் போட்டோ வந்தது. வகுப்பில் 42 பேர் படித்தார்கள். போட்டோவில் 11 பேர். அத்தனை பேரும் ஆண்கள். 'எல்லாரையும் கூப்பிட்டோம் டீச்சர், அவங்கதான் வரல' என்றார்கள். கூப்பிட்டது உண்மைதான். ஆனால் அந்த வகுப்பில் படித்த ஒரு பெண் போனில் என்னிடம் சொன்னாள்: 'ராத்திரி பார்ட்டின்னு போட்டிருந்தாங்க டீச்சர். வீட்ல என்னன்னு சொல்லிட்டு வர்றது?' லோடு வண்டி ஓட்டுகிற பையனிடம் கேட்டேன். 'வேலை இருந்துச்சு டீச்சர்' என்றான். வேலைதான் இருந்ததா, 4,000 ரூபாய்தான் இல்லையா என்று நான் துருவவில்லை. முன்பு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இடையில் அவனுக்கு அந்தச் சங்கடம் வந்திருக்கவே கூடாது.

லண்டனில் இருக்கிற ஒரு மாணவன் எனக்குப் பதில் எழுதினான். 'இங்கே பப் என்றால் குடிகார இடம் இல்லை டீச்சர், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுவார்கள்' என்று. அவன் சொல்வது சரி. பப் என்ற சொல்லே 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான். பொது வீடு என்று அர்த்தம். தாத்தா ஒரு மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அம்மாவும் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். நாய்கூட மேஜைக்கு அடியில் படுத்திருக்கும். ஜூஸ் மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். அதுதான் அதன் அழகு. சாராயம் அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

ஆனால் மதுரையில் பார் என்ற பெயரில் இருக்கிற இடம் அப்படிப்பட்டதா? டாஸ்மாக் பாரில் எந்தப் பெண் போய் உட்கார்ந்து கதை பேச முடியும்? நட்சத்திர ஹோட்டல் பாரில் உட்காரலாம், பில்லை யார் கொடுப்பது? லண்டனின் பெயரைக் கொண்டுவந்துவிடலாம், அந்தப் பொது வீட்டைக் கொண்டுவர முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: காசு அதிகம் கொடுக்காமல், ஆணும் பெண்ணும் குழந்தையும், நேரம் பார்க்காமல் உட்கார்ந்து பேச மதுரையில் இடம் எங்கே இருக்கிறது?

நிறைய இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சுண்டலும் பஜ்ஜியும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டிகள் கிடையாது, கல் பாவிய தரை, ஒரு சுற்று ஏறக்குறைய 1 கிலோமீட்டர். மூட்டு வலி இருப்பவர்களும் மெதுவாக நடக்கலாம். நம்முடைய பொது வீடு இவைதான்.

நடப்பதைத் திட்டத்தில் முக்கியமாக வையுங்கள் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. மேஜையில் 20 பேர் உட்கார்ந்தால் சத்தமாகப் பேசுகிற நாலு பேர்தான் பேசுவார்கள். நடக்கும்போது கூட்டம் தானாக இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகப் பிரியும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அப்போதுதான் பக்கத்தில் நடப்பவனிடம் வாய் திறக்கும். அப்பா இறந்தது, வேலை போனது, மகனுக்கு உடம்பு சரியில்லாதது, இதெல்லாம் மைக் பிடித்துச் சொல்கிற விஷயங்களா?

மதுரையைப் போல நடக்க வாகான ஊரும் குறைவு. கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, அதற்கடுத்து ஆவணி மூலம், அதற்கடுத்து மாசி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். எங்கே வழி தவறினாலும் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம். மேலமாசி வீதியில்தான் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையையும் மற்ற உடைகளையும் விட்டு அரையாடைக்கு மாறினார். அந்தக் கட்டடத்தில் கதர்க் கடை இருக்கிறது. இன்னும் வெளியே வந்தால் வெளி வீதிகள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தபோது வந்தவை. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். வகுப்பில் நான் போர்டில் வரைந்த பாடத்தை நீங்கள் காலால் நடந்து பார்க்கலாம்.

என்னிடம் கேட்டால் இப்படிப் போடுவேன். சனிக்கிழமை காலை காந்தி மியூசியம். தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. பிறகு ஓய்வு. ஓய்வு என்று திட்டத்தில் எழுதியே வையுங்கள். உங்களில் பாதிப் பேருக்கு இப்போது சுகர், பிரஷர். எப்படியும் மதியம் 12.30க்குக் கோயில் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறக்கும். சாயங்காலம் கோயில், அல்லது கோயிலுக்கு வர விரும்பாதவர்கள் சித்திரை வீதியில் ஒரு சுற்று. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள், அதுவும் நல்லதுதான். அந்த ஒரு மணி நேரம் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெரிய ஹோட்டலைப் பிடித்து ஒரே மேஜை போட வேண்டியதில்லை. இது சங்க காலத்திலேயே ராத்திரிக் கடை வைத்திருந்த ஊர். மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி, இரவுக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்று தனித்தனிப் பெயரே உண்டு. ஒரு கடையில் இட்லி, ஒரு கடையில் பரோட்டா, கறி தோசை பிடித்தவர்களுக்குக் கறி தோசை, தெருவில் பருத்திப்பால், கடைசியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. இப்படிக் கடை கடையாகப் போனால் சைவமும் அசைவமும் சேர்ந்தே போகலாம். அவரவர் வயிற்றுக்கும் பைக்கும் தகுந்தபடி வாங்கலாம். நடுவில் வந்து சேரலாம், 8 மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் கிளம்பலாம். ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலுக்கு முன்னால் கீழக்குயில்குடி சமணர் மலை. மேலே ஏற முடியாதவர்கள் கீழே தாமரைக் குளத்தங்கரையில் ஆலமர நிழலில் உட்காரட்டும். மதியச் சாப்பாட்டோடு பிரியலாம்.

குடிப்பவர்களைப் பெஞ்ச் மேல் நிற்க வைக்க நான் வரவில்லை. உங்களுக்கு 40 வயது தாண்டிவிட்டது, உங்கள் உடம்பு, உங்கள் காசு. ஆனால் அதைப் பொது நிகழ்ச்சிக்குள் கொண்டுவராதீர்கள். எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, வேண்டியவர்கள் தனியாகப் போய்க்கொள்ளுங்கள். தங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சாவி யார் கையிலும் இருக்க வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய இழப்பு என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

செலவுக் கணக்கும் தனியாக இருக்க வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன். 12 பேர் போகிறீர்கள். சாப்பாடு 6,000 ரூபாய். 5 பேர் குடித்தது 9,000 ரூபாய். மொத்தம் 15,000. 'ஃப்ரெண்ட்ஸுக்குள்ள என்னடா கணக்கு' என்று சமமாகப் பிரித்தால் தலைக்கு 1,250. ஆனால் சாப்பிட மட்டும் செய்தவர் கொடுக்க வேண்டியது 500தான். மீதி 750 ரூபாய் அடுத்தவர் கிளாசுக்குப் போகிறது. சிலருக்கு 750 ரூபாய் ஒன்றுமில்லை. சிலருக்கு அது ஒரு நாள் கூலி. அவர் அங்கே எதுவும் பேசமாட்டார். அடுத்த வருஷம் 'வேலை இருக்கு' என்பார்.

அதனால் முதல் வேலையாக ஒரு தாளில் வகுப்புப் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் இந்தத் திட்டத்தில் இவருக்கு எது தடை என்று குறியுங்கள். காசா, நேரமா, வீட்டில் அனுமதியா, முட்டியா, கைக்குழந்தையா? யாருக்குத் தடை அதிகமோ அவருக்கு முதலில் போன் பண்ணுங்கள். குரூப்பில் மெசேஜ் போட்டால் போதாது, போன் பண்ணுங்கள். பெண் பிள்ளைகளைப் பெண் பிள்ளைகளே கூப்பிடட்டும், வீட்டுக்காரரையும் குழந்தைகளையும் சேர்த்தே அழைக்கட்டும். வசதி உள்ளவர்கள் கூடுதலாகக் கொடுக்க நினைத்தால் யாருக்காக என்று வெளியே தெரியாமல் பொதுப் பணத்தில் போடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு ஹோட்டலைத் தேடுங்கள்.

சொந்தங்களுக்கும் இதே கதைதான். சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாரும் கூடலாம் என்கிறீர்கள். சம்பளம் அதிகம் வாங்குகிறவர் இடத்தை முடிவு செய்துவிட்டு, மற்றவர்கள் வரவில்லை என்று வருத்தப்பட்டுப் பிரயோஜனமில்லை.

மூன்று செட் பிள்ளைகளும் திட்டத்தைத் திருத்தி அனுப்புங்கள். 'முடிந்தவர்கள் வரலாம்' என்ற வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் பெயர்களை எழுதுங்கள். சித்திரை வீதி ஒரு சுற்றுக்கு நானும் வருகிறேன். மெதுவாகத்தான் நடப்பேன், யாராவது பேசிக்கொண்டு கூட வர வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்