கூட்டுக்கும் கேமராவுக்கும் நடுவே

விடியலில் கேமராவோடு ஏற்காட்டுக்கு ஏறுகிறவர்களில் என் மாணவர்கள் சிலரும் உண்டு. அவர்கள் தேடுவது சிவந்த வானத்தின் முன் ஒரு கரிய கிளை, அதில் ஒரு கூடு, இரையூட்டும் தாய்ப்பறவையின் கரிய உருவம். 'சில்லவுட்' என்று அவர்கள் சொல்லும் இந்த நிழலுருவப் படம் அழகானது, மறுப்பதற்கில்லை. கூட்டைப் படமெடுக்கவே கூடாது என்னும் பறவை ஆர்வலர்களோடு எனக்கு முழு உடன்பாடும் இல்லை. ஆயினும், ஏற்காட்டுத் தோட்டத்தில் எடுத்தது என்று இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் எனக்கு முதலில் சந்தேகமே எழுகிறது. காரணம் காப்பிச் செடி.

சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இன்று மலையின் பெரும்பகுதி சில்வர் ஓக் நிழலில் வளரும் காப்பித் தோட்டம். செம்மீசைச் சின்னான் போன்ற பறவைகள் கூடு கட்டுவது இடுப்பளவு, தலையளவு உயரத்தில், இலைச் செறிவுக்குள். அங்கே வானம் பின்னணியாகக் கிடைக்காது. கிடைத்திருந்தால் யாரோ இலைகளைக் கழித்திருக்கிறார்கள், அல்லது கிளையை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். மறைப்பு இழந்த கூட்டைக் காக்கையும் வால்காக்கையும் கண்டுகொள்ள நேரமாகாது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் விடியற்குளிர் சாதாரணமானதல்ல. அந்நேரத்தில் தாய் மிரண்டு எழுந்துபோனால் முட்டை குளிர்ந்துவிடும். இறகு முளைக்காத குஞ்சு விறைக்கும். இரவெல்லாம் பசித்த குஞ்சுக்கு முதல் இரை வரவேண்டிய வேளையும் அதுவே. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில், காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி வேண்டியதில்லை, கத்தரிக்கோல் போதும்.

வேடிக்கை என்னவென்றால், நிழலுருவப் படம் இயல்பிலேயே தொலைவைக் கேட்கும் கலை. வானத்துக்கு ஒளியை அளந்துவிட்டால் பறவை தானாகக் கறுத்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம், இறகின் நிறம் வேண்டாம், நெருங்கவும் வேண்டாம். சூரிய வட்டம் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலமே. கூடும் பறவையுமாக முப்பது சென்டிமீட்டர் இருக்கும் ஒன்று அந்த வட்டத்துக்குள் அடங்க, நாம் 32 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிற்க வேண்டும். நெருங்க நெருங்கக் கூடு பெருக்கும். சூரியன் அதன் பின்னே ஒளிந்துகொள்ளும்.

கியர்டன் சகோதரர்கள் இங்கிலாந்துப் பறவைக் கூடுகளைப் படமெடுத்து 1895இல் நூலாக்கியபோது அவர்களுக்கு வேறு வழியில்லை. கேமரா கனமானது, தகடு மந்தமானது. பறவை தவறாமல் திரும்பிவரும் ஒரே இடம் கூடு. அந்தக் கட்டாயம் இன்று நமக்கு இல்லை.

தமிழாசிரியன் இங்கே குறுந்தொகையை இழுக்காமல் இருக்க முடியாது. 85ஆம் பாட்டில், கருவுற்ற துணைக்குக் கூடமைக்க ஆண் ஊர்க்குருவி கரும்புப் பூவைக் கொய்கிறது. அந்தப் பூவுக்கு மணமில்லை என்பதுவரை புலவர் கவனித்திருக்கிறார். கூட்டுக்குள் எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நம் காலத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களால் பெயர்பெற்ற மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைப் பெருமாள்முருகன் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்று தொகுத்திருக்கிறார். கேமரா வாங்குகிற மாணவனுக்கு லென்ஸுக்கு முன் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

நிழலுருவம்தான் வேண்டும் என்றால் மலையிலிருந்து இறங்கிவிடலாம். சமவெளியில் கிணற்றோரப் பனையிலும் கருவேலத்திலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் வெட்டவெளியில் தொங்குகின்றன. வானம் அங்கே யாரும் வெட்டாமலே பின்னணியாக இருக்கிறது. ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னி நிறுத்தி, அதன் அடியில் தொங்கியபடி சிறகடித்துப் பேடையை அழைக்கும். பேடைக்குப் பிடித்தால்தான் மீதிக் கூடு. பின்னால் சூரியன் எழும்போது பிரிந்து நிற்கும் நார்கள்கூடத் தெரியும். அந்தக் கூட்டில் அப்போது முட்டை இருக்காது.