ஓடையைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையேற்றம் என்றால் முதலில் சொல்வது சதுரகிரியைத்தான். வத்திராயிருப்பைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிற தாணிப்பாறையில் நடை தொடங்குகிறது. மேலே சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் கோயில்கள். அமாவாசை, பௌர்ணமிக்குக் கூட்டம் வரும். ஆடி அமாவாசைக்குக் கேட்கவே வேண்டாம்.

வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் என்று வழிநெடுக நின்று மூச்சு வாங்க இடங்கள் உண்டு. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமான காடு இது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. தலைக்கு மேல் கிளை ஆடினால் சற்று நின்று பாருங்கள். குரங்கு என்று நினைத்தது அணிலாக இருக்கலாம்!

ஏற்றத்தைவிடப் பயப்பட வேண்டியது ஓடைக்குத்தான். காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், உச்சியில் மழை கொட்டினால், அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே ஆளை இழுக்கும். 2015 மே மாதம் அமாவாசைக்கு வந்தவர்களில் பலர் அப்படி வந்த வெள்ளத்தில்தான் உயிரிழந்தார்கள். மழை அறிகுறி தெரிந்தாலே வனத்துறை பாதையை மூடுவது இதனால்தான். 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே, விடுங்க சார்' என்று கேட்டில் மல்லுக்கு நிற்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கிளம்புமுன் அனுமதி நாளையும் நேரத்தையும் விசாரித்துவிடுங்கள். அப்படியும் மூடியிருந்தால், ஆண்டாளைச் சேவித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். மலைக்கு அடுத்த அமாவாசை இருக்கிறது.